நான் தோற்றதற்கு உடைத்த தேங்காய்கள்

தம்பி, உன்னிடம் ரக்பி பழகிய பழைய பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை உனக்குப் பிரியாவிடை விருந்து வைக்கிறார்கள், அதற்கு ஒரு மலரும் போடுகிறார்கள். போன வாரம் நான்கு பேர் வீட்டுக்கே வந்து, "ஆண்ட்டி, நீங்க ஒரு பக்கம் எழுதிக் குடுங்க லா" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பக்கத்தில் அடங்குகிற ஆளா உன் அம்மா? என் வாய் எப்படியோ என் கையும் அப்படித்தான். வெட்ட நினைக்கிறவர்கள் வெட்டிக்கொள்ளட்டும். மைக்கைக் கையில் கொடுத்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும். அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உன்னோடு சேர்ந்து ஊரும் படிக்கட்டும்.

திங்கட்கிழமை நீ இந்தத் தீவை விட்டுப் பாலத்தைத் தாண்டிக் கோலாலம்பூருக்குப் போகிறாய். அங்கே ஒரு கல்லூரி தன் ரக்பி அணிக்கு உன்னைத் தலைமைப் பயிற்றுநராக எடுத்திருக்கிறது. உனக்குக் கீழே இரண்டு துணைப் பயிற்றுநர்களாம், தங்க வீடு உண்டாம். இதை நான் ஜெலுத்தோங் பாசாரில் சொல்லாத கடை இல்லை. மீன் விற்கிற அண்ணன், "ரக்பி சொல்லிக் கொடுக்கிறதெல்லாம் ஒரு வேலையா அக்கா?" என்று கேட்டார். "ஏன், மீன் விக்கிறது வேலைன்னா அதுவும் வேலைதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்த பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. பல வருடம் உன்னிடம் அதே கேள்வியை, அதே குரலில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டவள் நான்தானே.

உனக்கும் அப்பாவுக்கும் உன் முதல் அணிப் பையன்களுக்கும் தெரிந்த ஒன்று இந்த மலரைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. நீ இந்த ரக்பியை விட்டுத் தொலைக்க வேண்டும் என்று முருகனிடம் நேர்ந்துகொண்டவள் நான். தைப்பூச ரதத்துக்கு நூற்றெட்டுத் தேங்காய். ஒளிவு மறைவெல்லாம் இல்லை, உன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். நீயும் சளைத்தவனா? அடுத்த நாளே பல்லைத் துலக்கிக்கொண்டே, "நானும் நேந்துக்கிட்டேன்மா. கோப்பை எடுத்தா பால்குடம்" என்றாய். அப்பா பெங்கெல் பட்டறைக்குப் புறப்பட மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். "ஒரே வீட்டுல ரெண்டு பேரு, அவரும் எந்தப் பக்கம்தான் போவாரு பாவம்" என்று முருகனுக்காக வருத்தப்பட்டுவிட்டுப் போனார்.

என் பயம் எங்கிருந்து வந்தது என்பதை உன் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும். நான் ஆஸ்பத்திரி மிஸி, நர்ஸ். எலும்பு வார்டில்தான் என் பாதி ஆயுள் போனது. உனக்குப் பதினான்கு வயது நடக்கும்போது, உன் வயதுப் பையன் ஒருவனைப் பாடாங் திடலிலிருந்து பலகையில் கட்டித் தூக்கி வந்தார்கள். ரக்பி விளையாட்டில் கழுத்து முறிந்துவிட்டது. கண்ணை மட்டும் அசைப்பான். அவன் அம்மா கட்டில் பக்கத்தில் நின்று, அவன் கண் போகிற இடத்துக்கெல்லாம் தானும் நகர்ந்து நகர்ந்து நிற்பாள். அவனைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகு துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் நீ முழங்கால் நிறையச் சேற்றோடு, முட்டை வடிவப் பந்து ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறாய். "அம்மா, டீம்ல எடுத்துட்டாங்க" என்றாய். நான் வாழ்த்தவில்லை. மறுநாள் உன் பூட்ஸைப் பழைய சாமான் எடுக்கிறவரிடம் போட்டேன். நீ யாருடைய பூட்ஸையோ போட்டுக்கொண்டு ஆடினாய். அளவு சரியில்லாமல் விரலெல்லாம் கொப்புளம், அதற்கு மருந்து போட்டதும் நான்தான்.

படிப்பு முடிந்தால் இந்தப் பைத்தியம் தெளியும் என்று நினைத்தேன். தெளியவில்லை. காலையில் ஓர் இடைநிலைப் பள்ளியில் தற்காலிக ஆசிரியர், மாலையில் அங்கேயே ரக்பிப் பயிற்றுநர் என்று வந்து நின்றாய். அந்தப் பள்ளியில் அதுவரை ரக்பி என்று பெயருக்குத்தான் இருந்தது. சுங்கை பினாங் ஃபிளாட்டுகளிலிருந்து வரும் பையன்கள், பாதிப் பேர் சிலிப்பரோடு வருவார்கள். நீ காட்டிய கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு அணி என்றே தோன்றவில்லை, ஏதோ கல்யாண வீட்டில் பந்தி பரிமாற வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். முதல் வருடம் எல்லா ஆட்டத்திலும் தோற்றீர்கள். நீ வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாய். நான் ரசம் ஊற்றுவேன். மனதுக்குள் எனக்கு நிம்மதி, சரி, இன்னும் ஒரு வருடத்தில் விட்டுவிடுவான்.

அப்படி ஒரு நாள் சாப்பிடும்போதுதான் நான் வார்டுக் கதை சொன்னேன். ஷிஃப்ட் மாறும்போது போகிற மிஸி வருகிற மிஸியிடம் கட்டில் கட்டிலாக நின்று சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். இவருக்கு இந்த மருந்து, இவர் இரவில் எழுந்து நடப்பார், இவரிடம் அதட்டிப் பேசக்கூடாது என்று ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். வாங்கிக்கொள்கிறவள் திருப்பிச் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஒருத்தி சொல்லாமல் ஓடிவிட்டாள் என்று நான் பொரிந்துகொண்டிருந்தேன். நீ பிசைந்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாய். அடுத்த வாரம் என்ன செய்தாய்? பயிற்சி முடிந்ததும் பையன்களை இரண்டிரண்டு பேராகப் புல்லில் உட்காரவைத்து, "உன் வேலையை அவன்கிட்ட சொல்லு. அவன் திருப்பிச் சொல்லட்டும். அப்புறம்தான் வீடு" என்றாய். பந்தை உதைக்கிறவன் எப்படி மூச்சு விடுகிறான், எத்தனை அடி பின்னால் போகிறான், எதைப் பார்க்கிறான் என்பது வரை பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரிய வேண்டும். அப்பா பார்த்துவிட்டு வந்து சொன்னார். "என் வார்டைக் கொண்டுபோய்ப் பாடாங்ல வச்சிட்டானா?" என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அந்தப் பழக்கத்தைக் கோலாலம்பூரிலும் விடாதே. பெரிய கல்லூரி, பெரிய பிள்ளைகள், புல்லில் உட்கார வெட்கப்படுவார்கள். உட்காரவை.

அதற்கப்புறம் நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஜெயிக்க ஆரம்பித்தீர்கள். உன் மாமா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் உனக்கு சூப்பர்வைசர் வேலை பார்த்து வைத்திருந்தார். ஏசி அறை, நிரந்தர வேலை, எலும்பு முறியாத வேலை. நாம் போட்ட சண்டை கீழ்மாடி வரை கேட்டிருக்கும். கடைசியில் நீயே ஒரு முடிவு சொன்னாய். "இந்த வருசம் மாநிலக் கோப்பை எடுக்கலன்னா மாமா வேலைக்குப் போறேன். எடுத்துட்டா நீ இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது." உன்னைக் கையடித்துச் சத்தியம் பண்ணவைத்தேன். இறுதி ஆட்டம் வரைக்கும் நீங்கள் போவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. போய்விட்டீர்கள். மாமாவுக்கு அந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

நான் அப்போது ஓய்வுபெற்று வீட்டில்தான் இருந்தேன். உங்கள் அணிக்கு முதலுதவி பார்க்க ஆள் இல்லை என்று அந்த வருடத் தொடக்கத்தில் நீ கேட்டபோது உடனே சரி என்றேன். உன் மேல் பாசம் பொங்கி வந்துவிட்டது என்று நினைத்திருப்பாய். அதெல்லாம் இல்லை, எவனுக்காவது கழுத்தில் அடிபட்டால் தெரியாத ஆள் கையைப் பிடித்து இழுத்துவிடக் கூடாது என்ற பயம்தான். ஆக, நீ தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, உன் பெஞ்சிலேயே, உன் அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பையன்களுக்கும் விஷயம் தெரியும். "மிஸி, இன்னைக்கும் தேங்காய்க்கு வேண்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே என்னிடம் கட்டுப் போட்டுக்கொள்வார்கள். நானும் "ஆமாம், ஆடாம நில்லு" என்று சொல்லிக்கொண்டே கட்டுவேன்.

இறுதி ஆட்டத்தன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. உங்கள் அணியின் உயிர் ஹகிம்தான். பந்தை இரண்டு கம்பத்துக்கு நடுவே உதைப்பதற்கு அவனை விட்டால் ஆளில்லை என்று எதிர் அணிக்கும் தெரியும். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. நாம் இரண்டு புள்ளி பின்னால் இருந்தோம். அப்போது ஹகிம் ஒருவனைப் பிடிக்கப் பாய்ந்து, அவன் முழங்காலில் தலை மோதி விழுந்தான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சேற்றில் அந்த வயதில் நான் ஓடிய ஓட்டத்தை யாராவது படம் எடுத்திருந்தால் இந்த மலரில் போட்டிருக்கலாம்.

நான் போய்ச் சேர்வதற்குள் அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "போலே மிஸி, போலே" என்றான், முடியும், முடியும் என்று. கழுத்தைத் தடவிப் பார்த்தேன், வலி இல்லை. விரலை ஆட்டினேன், கண் பின்னால் தாமதமாக வந்தது. யாரோடு ஆடுகிறாய் என்று மலாயில் கேட்டேன். போன வாரம் அரையிறுதியில் ஆடிய பள்ளியின் பெயரைச் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மூளை அதிர்ந்திருக்கிறது என்று புரிந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

நீ வந்து பக்கத்தில் குந்தினாய். "மிஸி, சொல்லுங்க" என்றாய். அதுவரை நீ என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"இவன் ஆடக்கூடாது. இன்னைக்கு மட்டும் இல்ல, டாக்டர் சொல்ற வரைக்கும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்திருக்கிறது என்று எனக்கே உறைத்தது. நீ தோற்க வேண்டும் என்று ஊரறிய நேர்ந்துகொண்டவள், உன்னுடைய ஒரே உதைகாரனை வெளியே எடு என்று சொல்கிறாள். நீ என்னை எப்படி நம்புவாய்? உன் பின்னால் நின்ற பொறுப்பாசிரியர் அதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். "கோச், உங்க அம்மா என்ன வேண்டிக்கிட்டாங்கன்னு ஸ்கூலுக்கே தெரியும். பையன் எந்திரிச்சு உக்காந்துட்டான் பாருங்க. கொஞ்சம் யோசிங்க."

நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. ஹகிமின் தோளைப் பிடித்துக்கொண்டு புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ யோசிக்கக்கூட இல்லை. "சார், அவுங்க வீட்லதான் அம்மா. இங்க மிஸி" என்றாய். திரும்பி, "ஜுன் வெய், உள்ள வா" என்று கை காட்டினாய்.

தம்பி, நான் வார்டில் எத்தனையோ டாக்டர்களுக்குக் கீழே வேலை பார்த்தவள். நல்ல வார்த்தை சொன்னவர்கள் உண்டு, மாலை போட்டு அனுப்பியவர்களும் உண்டு. ஆனால் என் வேலையை யாரும் எனக்கு இவ்வளவு மதிப்பாகத் திருப்பித் தந்ததில்லை. உன் வேலை, உன் கோப்பை, உன் சத்தியம் எல்லாம் அந்தச் சேற்றில் கிடந்தது. எனக்கு ஆதாயமான ஒரு பதிலை நான் சொன்னேன். அது உண்மை என்பதற்கு நான் மட்டும்தான் சாட்சி. அதை நீ அப்படியே எடுத்துக்கொண்டாய். பெருமையில் எனக்கு அழுகை வந்தது. ஹகிம்தான், "மிஸி, ஏன் அழறீங்க, எனக்கு வலிக்கலையே" என்றான், பாவம்.

பயிற்சி முடிந்ததும் புல்லில் ஹகிமோடு ஜோடியாக உட்காருகிற ஜுன் வெய் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான். எலும்பும் தோலுமாய் இருப்பான். கொஞ்ச நேரத்தில் எதிர் அணி தப்பாக ஆடியதற்கு நமக்கு ஓர் உதை கிடைத்தது. உள்ளே போனால் மூன்று புள்ளி. அவன் பந்தை நிறுத்தினான். ஹகிம் எப்படி மூச்சை இழுத்து விடுவானோ அப்படியே விட்டான். ஹகிம் எத்தனை அடி போவானோ அத்தனை அடி பின்னால் போனான், அதே பக்கம் திரும்பினான், காலுறையை அதே மாதிரி இழுத்துவிட்டான். அத்தனை மாதமாகப் புல்லில் உட்கார்ந்து வாங்கிய வார்டு ரிப்போர்ட்டை ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஹகிம் உதடு அசைய அவனோடு கூடவே எண்ணிக்கொண்டிருந்தான்.

பந்து அவன் காலை விட்டுக் கிளம்பியபோது நான் என்ன வேண்டினேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "முருகா, உள்ள போகட்டும்" என்றேன். வாய்விட்டே சொன்னேன். பந்து கம்பத்தில் பட்டது. பட்டு, ஒரு விநாடி எங்கே விழுவது என்று யோசித்துவிட்டு, உள்பக்கம் விழுந்தது. நான் குதித்தேன். ஜுன் வெய்யின் கண்ணாடி என் கையில் வளைந்துபோனதைக்கூட கவனிக்கவில்லை, அடுத்த நாள் கடையில் கொடுத்துச் சரிபண்ணினேன். மிச்ச நேரம் முழுக்க உங்கள் பையன்கள் பந்தை வயிற்றில் கட்டிக்கொண்டு சேற்றில் கிடந்தார்கள். விசில் ஊதியதும் அவர்கள் உன்னைத் தூக்கினார்கள், உன்னைப் போட்டுவிட்டு என்னைத் தூக்க வந்தார்கள். ஐயோ வேண்டாம், இடுப்பு போய்விடும் என்று ஓடினேன்.

அடுத்த தைப்பூசத்துக்கு நூற்றெட்டுத் தேங்காய் வாங்கினேன். "அதான் நீ கேட்டது நடக்கலையே, எதுக்கு?" என்று அப்பா கேட்டார். நான் சாக்கின் வாயைக் கட்டினேன். ரதம் வரும் தெருவோரத்தில் நீயும் ஜுன் வெய்யும் சாக்கைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தீர்கள், நான் உடைத்தேன். பக்கத்தில் நின்ற அம்மா ஒருத்தி, "நிறைய ஒடைக்கிறீங்களே அக்கா, வேண்டுனது கெடச்சிருச்சா?" என்று கேட்டாள். "கெடைக்கல லா. அதுக்குத்தான் ஒடைக்கிறேன்" என்றேன். அவள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள். நீ தண்ணீர்மலை முருகன் கோயில் படியேறிப் பால்குடம் எடுத்தாய், நானும் பின்னால் வந்தேன். மறுநாள் என் தோள் வீங்கிக் கையைத் தூக்க முடியவில்லை. ஹகிம் ஐஸ் பையோடு வீட்டுக்கு வந்து, "மிஸி, டாக்டர் சொல்ற வரைக்கும் நீங்க ஆடக்கூடாது" என்றான். அவன் இப்போது சின்னப் பிள்ளைகளுக்கு ரக்பி சொல்லிக்கொடுக்கிறான். நோன்புப் பெருநாளுக்குப் போனால் இந்தக் கதையைத் தன் மனைவியிடம் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்கிறான். அவன் சொல்கிற கதையில் நான் இன்னும் வேகமாக ஓடுகிறேன்.

மாமாவின் வேலைக்கு வேறு யாரோ போனார்கள். நான் வாக்குத் தவறவில்லை, அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அப்புறம் இங்கேயே ஒரு கல்லூரி உன்னைக் கூப்பிட்டது. அங்கே நீ எடுத்த கோப்பைகளைத் துடைக்கிற வேலை எனக்கு வந்தது. கோப்பை அலமாரியில் சாமி படத்துக்கு இடம் போதவில்லை என்று சண்டை போட்டேனே தவிர, கோப்பையை எடு என்று ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது அந்த அலமாரியை என்ன செய்வது என்று கேட்காதே. அது இங்கேதான் இருக்கும்.

போகிற இடத்தில் உன்னை யாரும் தம்பி என்று கூப்பிடமாட்டார்கள். எல்லாருக்கும் நீ கோச். தோற்ற அன்று சாப்பிடாமல் படுக்காதே. ஜெயித்த அன்று நடுவரிடம் போய்க் கை கொடு, தோற்ற அன்றும் கொடு. ஆட்டம் முடிந்த சூட்டில் எந்தப் பிள்ளையின் அப்பா வந்து கத்தினாலும் பதில் சொல்லாதே, மறுநாள் கோப்பி வாங்கிக் கொடுத்துப் பேசு. உன் நல்ல பையன் ஒருவன் விழுந்து எழுந்து "முடியும் கோச்" என்று சிரித்தால், அந்தச் சிரிப்பை நம்பாதே.

உன் புது அணிக்கு டாக்டரே இருக்கிறாராம், கேட்டுவிட்டேன். இருந்தாலும் ஒருநாள் உனக்குச் சந்தேகம் வரும். கோப்பை ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று நிற்பாய், பின்னால் யாராவது நின்று யோசிங்க என்பார்கள். அப்போது என்னைக் கூப்பிடு. நான் பாசாரில் இருந்தாலும் எடுப்பேன். ஆனால் அம்மா என்று கூப்பிடாதே. அம்மாவுக்கு நீ ஜெயிக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது, இனிமேல் அவள் பேச்சை நம்ப முடியாது. மிஸி என்று கூப்பிடு, உள்ளதைச் சொல்கிறேன்.